தலையணையில் வெட்டிய நான்கு துண்டுகள்

மோட்டார் ஓடவில்லை. இறக்கைகளைக்கூட இன்னும் மாட்டவில்லை. ட்ரோன் சாப்பாட்டு மேசையின் நடுவில், பழைய நாளிதழின் மேல், நான்கு கைகளையும் விரித்துக்கொண்டு சும்மா கிடந்தது. ஆனாலும் அதன் போர்டிலிருந்த அதிர்வு உணரி மடிக்கணினித் திரையில் வரைந்த கோடு நேராக இல்லை.

கமலநாதன் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். ஒரு சின்ன மேடு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு சின்ன மேடு. அரிசி மணியை வரிசையாக ஒட்டி வைத்தது போல, ஒன்றுக்கொன்று கூடாமல் குறையாமல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

அதிர்வு என்றால் அதற்கு ஓர் அப்பன் இருந்தே தீர வேண்டும் என்பது அவன் தொழிலில் முதல் பாடம். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பாமாயில் ஆலையில் பத்தொன்பது வருடமாக அவனுக்கு அதுதான் வேலை. பம்புகளின் பேரிங் மேல் கருவியை வைத்து, எது எப்போது சாகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வான். சொன்னால் தப்பாது. "வாயில சனி" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவன் வீட்டு மேசையிலேயே அப்பன் பேர் தெரியாத அதிர்வு ஒன்று வந்து உட்கார்ந்தால் விடுவானா?

சனிக்கிழமை மாலை நான்கு மணி. மழை வரும்போல் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்தாவது மாடி ஃப்ளாட்டின் கம்பிக் கதவு வழியாக ஈரமண் வாசனையும், கீழ்வீட்டில் வெங்காயம் தாளிக்கும் வாசனையும், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லோரிகளின் டீசல் புகையும் ஒன்றாகக் கலந்து உள்ளே வந்தன. லோரிதான் காரணம் என்று முதலில் நினைத்தான். லோரி போகும்போது அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுக்கும்; கோடு ஒருமுறை நடுங்கி அடங்கும். ஆனால் லோரி போன பிறகும் அந்த அரிசி மணிகள் அப்படியே இருந்தன. விசிறியை நிறுத்தினான். ஃபிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கினான். பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரமோ என்று சுவரில் காதை வைத்துக் கேட்டான். சுவர் குளிர்ச்சியாக, ஊமையாக இருந்தது. கடைசியில் வாசலுக்குப் போய் வீட்டின் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு வந்தான். வீடு முழுக்க ஓசை அடங்கியது. பவர் பேங்கில் செருகியிருந்த ட்ரோன் போர்டின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. திரையில் மேடுகள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு எண்ணினான். ஒரு நிமிடத்துக்கு நூற்று நாற்பது.

அந்த எண்ணை எங்கோ பார்த்த நினைவு. எங்கே என்று யோசித்துக்கொண்டே ஃபிரிட்ஜ் ஒயரைத் திரும்பச் செருகப் போனவன், அதன் கதவில் காந்தத்தால் மாட்டியிருந்த பிங்க் புத்தகத்தைப் பார்த்தான். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் புத்தகம். புதன்கிழமைப் பக்கத்தில், குழந்தையின் இதயத்துடிப்பு என்ற கட்டத்தில், நர்ஸ் நீல மையால் எழுதியிருந்தாள்: 140.

கல்யாணமாகிப் பதினொரு வருடம். இரண்டு முறை தங்கி, ஒன்று மூன்றாம் மாதத்திலும் மற்றது ஐந்தாம் மாதத்திலும் போய்விட்டன. லோகேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது. இனி இல்லை என்று இருவரும் மனதைக் கல்லாக்கிக்கொண்ட பிறகு தங்கிய பிள்ளை இது. முப்பத்தோரு வாரம். படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லாமே அந்தப் பிள்ளைக்காகத்தான் நடந்தது. கமலநாதன் ஏழு மாதமாகச் சவரம்கூடச் செய்யவில்லை.

ட்ரோனில் துளை போடாததும் அதற்காகத்தான். மூன்று வாரத்துக்கு முன், போர்டைத் திருகி இறுக்குவதற்காக அடிப்பலகையில் ஒரு துளை போட ஆரம்பித்தான். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு ஆயிஷா ஆன்டி மூச்சிரைக்க மாடியேறி வந்துவிட்டார்.

"தம்பி, வீட்டுல வயித்துப்புள்ளக்காரிய வெச்சிக்கிட்டு ட்ரில் போடுறியா? ஆணி அடிக்கக் கூடாது, ஓட்ட போடக் கூடாது. புள்ளைக்கு ஆகாது லா!"

"சின்ன ட்ரில்தான் ஆன்டி."

"சின்னதோ பெருசோ, ஓட்ட ஓட்டதான்."

அவன் சிரித்தான். ஆனால் ட்ரில்லை அன்றே மூட்டை கட்டிக் கார் டிக்கியில் போட்டுவிட்டான். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவன் யார் சொன்னாலும் கேட்பான்.

திருக முடியாது என்றால் ஒட்டத்தான் வேண்டும். மோட்டாரின் ஆட்டம் போர்டுக்கு ஏறாமல் நடுவில் மெத்தென்று எதையாவது வைத்து ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வைத்தான். ஆகாயத்தில் ட்ரோன் குளிர்ஜுரம் கண்டது போல் நடுங்கியது. ரப்பர் வளையம் போட்டான், இன்னும் மோசம். ஞாயிறுதோறும் கூடப் பறக்கவிடும் பெட்டாலிங் ஜெயா கிஷனுக்குப் போன் போட்டான்.

"பாஸ், ரொம்ப சாஃப்டா இருக்கணும், அமுக்கினா மெதுவா எழும்பணும். அந்த மாதிரி ஃபோம் கிடைச்சா முடிஞ்சிச்சு லா," என்றான் கிஷன்.

அந்த மாதிரி நுரை வீட்டிலேயே இருந்தது. லோகேஸ்வரியின் நீளத் தலையணை. வயிற்றைத் தாங்கிக்கொள்ள வளைவாகச் செய்தது; இரவும் பகலும் அதைக் கட்டிக்கொண்டுதான் படுத்திருப்பாள். வியாழக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் உறையின் ஜிப்பைத் திறந்து, வயிறு பதியும் பள்ளத்தின் ஓரத்திலிருந்து, கட்டைவிரல் நகமளவுக்கு நான்கு துண்டுகள் வெட்டி எடுத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடலில் பறக்கவிட்டால், மோட்டார் ஆட்டம் மொத்தமும் துடைத்துவிட்டது போல் போய்விட்டது. இத்தனை வருட ட்ரோன் பைத்தியத்தில் அப்படியொரு சுத்தமான கோட்டை அவன் பார்த்ததில்லை.

சத்தமெல்லாம் ஒழிந்த பிறகு, அடியில் இந்த நூற்று நாற்பது கிடந்தது.

"என்னங்க, கரண்ட் போயிருச்சா?" அறையிலிருந்து லோகேஸ்வரியின் குரல்.

"இல்ல லோகேஸ். நான்தான் ஆஃப் பண்ணேன். ஒரு டெஸ்ட்."

"ஃபேன போடுங்க, உள்ள வேகுது. அம்மாடி! இந்தப் புள்ள உதைக்கிற உதை இருக்கே!"

அவள் 'அம்மாடி' என்ற அதே நொடியில் திரையில் கோடு எகிறிக் குதித்தது.

அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பயம் இல்லை, சந்தோஷம்தான். மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து, "உதைக்கிறப்பெல்லாம் ஒரு குரல் குடு லோகேஸ், சும்மா," என்றான். அவள் சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தாள். பதினொரு உதைக்குப் பதினொரு முறை கோடு குதித்தது. எப்படி என்று அவனால் சொல்ல முடியவில்லை. மறுநாள் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திடலுக்கு எடுத்துப்போய் அங்கே வைத்துப் பார்த்தான். அங்கேயும் நூற்று நாற்பது. எந்தக் கம்பி வழியாக இது ஆறு கிலோமீட்டர் வருகிறது என்று நினைத்தபோது முதுகுத்தண்டில் ஒரு சில்லிப்பு ஓடியது உண்மை. ஆனால் ஆசை யாரை விட்டது? பதினொரு வருடம் காத்திருந்தவன் கையில் பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பு வந்து கிடைத்திருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. தலையணையை வெட்டியதற்குத் திட்டுவாள் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான்.

அதற்குப் பிறகு போர்டை அவன் அணைக்கவே இல்லை. இரண்டு பவர் பேங்குகள் வாங்கினான். ஒன்று தீருவதற்குள் மற்றொன்றைச் செருகுவதற்கு ஒரு கவட்டை ஒயரும் செய்துகொண்டான். ட்ரோனின் சட்டத்திலிருந்து போர்டை மட்டும் நுரையோடு கழற்றி, முதுகுப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து ஆலைக்குக் கொண்டுபோனான். மதிய இடைவேளையில் எல்லாரும் கேண்டீனுக்குப் போன பிறகு மடிக்கணினியைத் திறந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திங்கட்கிழமை அரிசி மணியாக இருந்தது. செவ்வாய் மொச்சைக்கொட்டை அளவு. புதன்கிழமை விரல் உயரம் எழுந்தது. பிள்ளை நன்றாக வளர்கிறது என்று பூரித்துப்போனான்.

"இன்னிக்கு என்னமோ தூங்கிக்கிட்டே இருக்கு," என்றாள் லோகேஸ்வரி, வியாழக்கிழமை சாயங்காலம்.

"நல்லா தூங்கட்டும். வெளிய வந்தா நம்மள தூங்க விடாது."

வெள்ளிக்கிழமை மதியம் ஆலைக்குப் போன் செய்தாள். குரல் சன்னமாக இருந்தது. "ஐஸ் தண்ணி குடிச்சிப் பாத்தேன். இனிப்பா மைலோ கலக்கிக் குடிச்சிட்டு எடதுபக்கமா படுத்துப் பாத்தேன். காலையிலேர்ந்து ரெண்டு தடவதாங்க அசைஞ்சிச்சு."

அவன் திரையைப் பார்த்தான். காலையிலிருந்து எண்பத்தேழு உதை.

அவன் அப்போது மூன்றாம் நம்பர் பம்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். போன வருடம் கட்டிடமே அதிர ஆடிய பம்பு. அதை அடக்கியது அவன்தான். அதன் முதுகில் ஒரு வளையும் கம்பியைப் பொருத்தி, அதன் நுனியில் ஒரு சின்ன எடையைக் கட்டினான். எடையும் கம்பியும் சரியாக அமைந்துவிட்டால், பெரிய இயந்திரத்தின் ஆட்டம் முழுவதையும் அந்தச் சின்ன எடை தன்மேல் வாங்கிக்கொள்ளும். எடை பேய்பிடித்தது போல் ஆடும். பம்பு அசையாது. இப்போதும் அப்படித்தான். எடை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடித்துக்கொண்டிருக்க, பம்பின் மேல் யாரோ வைத்துவிட்டுப்போன தேநீர்க் கோப்பையில் ஒரு சிற்றலைகூட இல்லை.

கமலநாதன் அந்தக் கோப்பையைப் பார்த்தான். பிறகு தோளில் தொங்கிய பையைப் பார்த்தான். ஒரு சின்ன எடை. மெத்தென்ற நான்கு துண்டு. பிள்ளையின் ஆட்டமெல்லாம் இங்கே வந்துகொண்டிருந்தது.

பாதி ஷிப்டில் வீட்டுக்கு ஓடினான். லோகேஸ்வரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அறையில் தைல வாசனை, விசிறியின் டக் டக், தலையணை உறையின் வேர்வை நாற்றம். அவள் திரும்பவில்லை. அவன் கூடத்துக்கு வந்து, பையிலிருந்து போர்டை எடுத்து மேசைமேல் வைத்து, ஒரே இழுப்பில் ஒயரைப் பிடுங்கினான்.

உள்ளே அவள் அலறினாள்.

"என்னங்க! நின்னு போச்சு! என்னமோ நின்னு போச்சுங்க!"

திரும்பச் செருகினான். மூன்றாம் முறைதான் உள்ளே போனது. சிவப்பு விளக்கு. உள்ளே அவள் நீளமாக மூச்சு விடுவது கேட்டது. "இருக்கு," என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். "லேசா. இருக்கு."

அணைத்தால் போய்விடும். அணைக்காவிட்டாலும் போய்க்கொண்டிருக்கிறது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் அவன்தான், வேறு யாரையும் நோக முடியாது.

எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டால்? பேனாக்கத்தியால் நான்கு துண்டுகளையும் போர்டிலிருந்து மெல்லச் சுரண்டி எடுத்தான். அவை வெதுவெதுப்பாக இருந்தன. அமுக்கினால் மெதுவாக எழும்பின. அவன் அமுக்காதபோதும் எழும்பித் தாழ்ந்தன. அவற்றை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அறைக்குப் போனான். தலையணையைச் சரிசெய்வது போல் ஜிப்பைத் திறந்து, பள்ளத்தில் வைத்து மூடினான்.

"என்ன செய்றீங்க?"

"ஒண்ணுமில்ல. படு."

"ஏன் அழுறீங்க?"

அவன் கூடத்துக்கு வந்தான். நுரையில்லாத வெறும் போர்டு, வெறும் மரப்பலகையின் மேல். லோரி ஒன்று போனது. அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. கோடு அதற்கு அசையவே இல்லை. வேறு எதற்கும் இனி அசையாது. நூற்று நாற்பதுக்கு மட்டும். மேடுகள் திரையின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தன.

அறையிலிருந்து அவள் கூப்பிட்டாள். "என்னங்க. இப்ப சுத்தமா இல்லைங்க."

"கெளம்பு. ஆஸ்பத்திரி போலாம்."

மழை பிடித்துக்கொண்டது. கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. அவள் பின்சீட்டில் தலையணையை அணைத்துக்கொண்டு முருகா முருகா என்று முணுமுணுத்தபடி சாய்ந்திருந்தாள். பை முன்சீட்டில் இருந்தது. அவசரத்தில் ஒரு பவர் பேங்கைத்தான் எடுத்துக்கொண்டு ஓடிவந்திருந்தான். அதில் சார்ஜைக் காட்டும் நான்கு நீலப் புள்ளிகளில் இரண்டுதான் எரிந்தன. வைப்பரின் ஓசைக்கு நடுவிலும் பையிலிருந்து வந்தது அவனுக்குக் கேட்டது. கேட்க முடியாது. போர்டுக்கு ஓசை கிடையாது. கேட்டது.

அவனிடம் ஒரே ஒரு யோசனை மிச்சம் இருந்தது, அதுவும் காரில் ஏறிய பிறகுதான் தோன்றியது. டாக்டர் ஸ்கேன் செய்யும்போது, எல்லாரும் திரையைப் பார்க்கும்போது, போர்டை அவள் வயிற்றின் மேல் வைத்துவிடுவது. இருந்த இடத்துக்கே துடிப்பு திரும்பிப் போகட்டும். இயந்திரங்களோடு பத்தொன்பது வருடம் பழகியவனுக்கு இதற்குமேல் எதுவும் தோன்றவில்லை.

அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் ஸ்கேன் அறை வாசலில் நின்றாள். தமிழ்ப்பெண்தான். "அங்கிள், பேக் எல்லாம் உள்ள கொண்டுவரக் கூடாது. வெளிய வெச்சிட்டு வாங்க."

வெளியே ஆறு நாற்காலிகள். மழைக்கு ஒதுங்கிய கூட்டம். ஓடி விளையாடும் இரண்டு குழந்தைகள். யாராவது ஒருவர் பையைத் தள்ளினால் போதும், ஒயர் கழன்றுவிடும்.

"வெச்சிட்டு வாங்க," என்றாள் லோகேஸ்வரி. அவன் சட்டைக்கையைப் பிடித்திருந்தாள். "எனக்குப் பயமா இருக்குங்க."

"நீ போ லோகேஸ்."

"என்னங்க?"

"நீ போ. நான் இங்கயே இருக்கேன்."

அவள் அவனைப் பார்த்த பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. கதவு மூடிக்கொண்டது.

உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான். ஜிப்பைக் கொஞ்சம் திறந்தான். ஒரு நீலப் புள்ளி.

கதவுக்குப் பின்னால் கருவியின் இரைச்சல் கேட்டது. புஸ்ஸென்ற வெறும் இரைச்சல். ஓர் இடத்தில். தள்ளி இன்னோர் இடத்தில். இன்னோர் இடத்தில். நர்ஸ் வெளியே வந்தாள், அவன் முகத்தைப் பார்க்காமல் வேகமாகப் போனாள். டாக்டரோடு திரும்பி வந்தாள். மறுபடி இரைச்சல். நீண்ட நேரம்.

பிறகு இரைச்சலையும் நிறுத்திவிட்டார்கள்.

அவன் பைக்குள் பார்த்தான். நீலப் புள்ளி இல்லை. போர்டின் சிவப்பு விளக்கும் இல்லை. இருட்டு.

முடிந்தது என்று நினைத்தான். அழுகைகூட வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மடியில் கனத்த பையோடு அப்படியே இருந்தான்.

கனம். போர்டு பத்துக் கிராம்கூட இருக்காது. பவர் பேங்க் கைப்பேசி அளவு. இப்போது தொடை அழுந்துகிறது.

உள்ளே லோகேஸ்வரி கத்தினாள். ஒரே ஒரு கத்தல். அதற்குப் பிறகு டாக்டரின் தாழ்ந்த குரல்.

மடியில் துடித்தது. மின்சாரம் இல்லாமல். நூற்று நாற்பது இல்லை. அதைவிட வேகம். அம்மாவின் குரல் கேட்ட பிறகு இன்னும் வேகம்.

அவன் கையைப் பைக்குள் விட்டான். சாப்பாட்டு டப்பா. ஒயர். ஈரம். சூடு. எதுவோ அவன் கையைத் தேடிக்கொண்டு வந்தது. தடவியது. நின்றது.

கதவு திறந்தது. நர்ஸ் பிங்க் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அங்கிள், உள்ள வாங்க. டாக்டர் பேசணுமாம்."

அவன் எழ முயன்றான். பைக்குள், நகம் முளைத்த ஐந்து சின்ன விரல்கள் அவன் சுட்டுவிரலைச் சுற்றி வளைத்து இறுகப் பிடித்திருந்தன. அவை விடவில்லை.